இடுப்பு வலியும் களைக்கொத்தின் பிடியும்

ஏர் உழும் மாட்டின் கழுத்தில் புண் கண்டால், விவேகமுள்ள குடியானவன் முதலில் நுகத்தடியைப் பார்க்கிறான். தடி கரடுமுரடாயிருக்கிறதா, பூட்டாங்கயிறு அதிகமாக இறுகியிருக்கிறதா, ஜோடியில் ஒரு மாடு உயரமாயும் மற்றொன்று குட்டையாயும் அமைந்துவிட்டனவா என்று ஆராய்ந்து, குற்றத்தைத் திருத்திய பின்னரே புண்ணுக்கு மருந்திடுகிறான். நுகத்தைத் திருத்தாமல் மருந்து மட்டும் தடவினால் புண் ஆறாது என்பதை அவன் அனுபவத்தால் அறிவான். ஆனால் அதே கொல்லையில் களையெடுக்கும் பெண்கள் மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர மாட்டாமல் நிற்கும்பொழுது, "வாயு" என்றும், "குளிர்ச்சி" என்றும், "வயதாகிவிட்டது" என்றும் சொல்லி, எண்ணெயையும் மாத்திரையையும் தேடுகிறார்களேயன்றி, அவர்கள் கையிலுள்ள கருவியை எடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே.

விழுப்புரம் ஜில்லாவில், செஞ்சிக்கோட்டை மலைகளுக்கு வடக்கே அமைந்துள்ள மேல்மலையனூர் தாலுகாவில் இவ்விஷயம் முக்கியமானது. ஏரியும் கிணறும் பாயுமிடங்களில் நெல்லும் கரும்பும், மற்றக் கொல்லைகளில் மணிலாவும் உளுந்தும் இங்கே பயிராகின்றன. பேச்சு வழக்கில் மல்லாட்டை எனப்படும் மணிலாவுக்குக் களையெடுப்பதும், கழனியில் நாற்று நடுவதும், காய் ஆய்வதும் பெரும்பாலும் பெண்களின் கையால் நடப்பவை. இவையனைத்தும் குனிந்தோ குந்தியோ செய்யப்படும் வேலைகள். நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைக்கவில்லை என்று நிலமுடையோர் குறை கூறுகின்றனர். இருக்கும் ஆட்களின் இடுப்பும் முழங்காலும் நாற்பது வயதிலேயே தளர்ந்துபோனால் அக்குறை இன்னும் பெருகுமேயன்றிக் குறையாது.

வலி பிறக்கும் இடம்

கழுத்தில் ஏழு, மார்பில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து ஆக இருபத்துநான்கு முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டதே முதுகுத்தண்டின் அசையும் பகுதி. பெரும்பாலும் இரண்டிரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோன்ற வட்டு ஒன்று இருக்கிறது. மேலுடம்பின் பாரத்தை அதிகமாய்த் தாங்குபவை இடுப்பிலுள்ள ஐந்து எலும்புகளும் அவற்றின் வட்டுகளுமே. ஆகையால் உழைப்பாளிகளின் வலி பெரும்பாலும் அவ்விடத்தில் தோன்றுகிறது.

சுவீடன் தேசத்து வைத்தியர் ஆல்ஃப் நாகெம்சன் என்பவர் 1960ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், உயிருள்ள மனிதரின் இடுப்பு வட்டில் ஊசி செலுத்தி, அங்குள்ள அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது உள்ள அழுத்தத்தை நூறு பங்கு என்று கொண்டால், முன்னுக்குக் குனிந்து நிற்கும்போது அது நூற்றைம்பதாகிறது. குனிந்தபடி இரு கைகளிலும் பாரம் ஏந்தினால் இருநூறுக்கும் மேற்படுகிறது. வெறுங்கையோடு குனிந்தாலே வட்டின்மேல் ஒன்றரை மடங்கு பாரம் ஏறுகிறது என்பது இதனால் விளங்கும்.

பாரத்தைவிடக் கேடானது இடைவிடாமை. வளர்ந்தோரின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் அநேகமாய் இல்லை; அழுத்தம் ஏறியிறங்கும்போது ஊறிச் செல்லும் நீரே அதற்கு ஆகாரம். உடம்பு அசைந்து நிலை மாறினால் வட்டு பிழைக்கும். பல மணி நேரம் ஒரே நிலையில் குனிந்திருந்தால் அது வாடும். முதுகின் தசைகள் களைத்து, எலும்புகளைக் கட்டியிருக்கும் நார்கள் நீண்டு தளரும். அந்நிலையில் ஒரு கூடை மண்ணைத் திடீரெனத் தூக்கினாலும் பிடிப்பு உண்டாகும். வட்டு பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்துமானால் வலி பிட்டம் வழியாகக் காலுக்கும் இறங்கும்.

குந்தியிருந்து செய்யும் வேலையில் துன்பம் முழங்காலைச் சார்கிறது. முழங்கால் முற்றிலும் மடங்கியிருக்கையில் மூட்டின் உட்புறமுள்ள குருத்தெலும்பு கடுமையாக அழுத்தப்படுகிறது. பல ஆண்டுகள் இவ்வாறு குந்தி வேலை செய்வோருக்கும், பாரம் சுமப்போருக்கும், உடல் பருத்தோருக்கும் மூட்டுத் தேய்வு அதிகமாய்க் காணப்படுகிறது.

ஓர் ஏக்கரின் கணக்கு

மணிலாவை ஓரடிக்கு ஒரு வரிசையாக, அதாவது 30 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்தால், ஓர் ஏக்கரிலுள்ள வரிசைகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 13½ கிலோமீட்டர். பத்துப் பெண்கள் ஒரு நாளில் ஓர் ஏக்கரைக் களையெடுத்தால், ஒவ்வொருவரும் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை நிமிராமல், அடி அடியாய் நகர்ந்து கடக்கிறார்கள்.

நெல் நடவின் கணக்கு இன்னும் வியக்கத்தக்கது. 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்ற நெருக்கத்தில் நட்டால் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,70,000 குத்துகள் ஆகின்றன. செம்மை நெல் சாகுபடி முறையில் 25 சென்டிமீட்டர் சதுரமாக நட்டால் ஏறக்குறைய 65,000 குத்துகளே போதும். குனிந்து ஊன்ற வேண்டிய குத்துகள் நாலில் ஒரு பங்காகக் குறைகின்றன. விதையும் நீரும் மிச்சமாவது பற்றி இம்முறையைப் புகழ்வோர் பலர். நடுவோரின் இடுப்புக்கு நேரும் நன்மையையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கலிபோர்னியாவில் நடந்தது

குட்டைப் பிடியுள்ள கருவியால் நேரும் தீங்கு நீதிமன்றம் வரை சென்று தீர்ப்பான வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தின் சலினாஸ் பள்ளத்தாக்கு முதலிய இடங்களில், கீரை, சர்க்கரைக் கிழங்குப் பண்ணைகளில் களையெடுக்கவும் செடி கலைக்கவும் இரண்டடிக்கு மேற்படாத பிடியுள்ள மண்வெட்டியைக் கொடுத்து வந்தார்கள். மெக்சிகோ தேசத்து வழிவந்த கூலியாட்கள் அதற்குக் "குட்டையன்" என்று பொருள்படும் "எல் கோர்த்தித்தோ" என்னும் பெயரை வைத்தனர். நாள் முழுதும் இரண்டாய் மடிந்து வேலை செய்தமையால் பலருக்கு முதுகு நிரந்தரமாய்ப் பழுதுபட்டது.

பண்ணையார்கள் அக்கருவியை விடச் சம்மதிக்கவில்லை. பிடி நீண்டால் கண்ணுக்கும் அலகுக்கும் தூரம் கூடிப் பயிர் வெட்டுப்படும் என்றனர். கூலியாட்களின் சார்பில் வழக்கு நடந்தது. முதுகு கெடும் விதத்தை வைத்தியர்கள் சாட்சியாக விளக்கினர். ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் 1975ஆம் ஆண்டில் கூலியாட்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே குட்டைப் பிடி மண்வெட்டி தடை செய்யப்பட்டது. அதனால் அந்நாட்டுக் கீரைச் சாகுபடி அழிந்துபோகவில்லை. ஆட்கள் நீண்ட பிடியோடு அதே வேலையைச் செய்தனர். ஆயினும் சில பண்ணைகளில் கருவியே இல்லாமல் வெறுங்கையால் குனிந்து களை பிடுங்கும் வழக்கம் நிலைத்திருந்தபடியால், 2004ஆம் ஆண்டில் அதற்கும் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. பயிர் வெட்டுப்படும் என்ற ஆட்சேபம் மேல்மலையனூர்க் கொல்லைகளிலும் கேட்கக்கூடியதே. அதற்குரிய விடை கருவியின் அமைப்பிலும் விதைக்கும் முறையிலும் இருக்கிறது.

கருவியை மாற்றும் வகை

நின்றபடி களையெடுக்க விரும்புவோர் முதலில் விதைப்பைத் திருத்த வேண்டும். தாறுமாறாக விழுந்த விதையின் நடுவே நீண்ட பிடியுள்ள கருவி ஓடாது. ஆகவே கயிறு பிடித்தோ, விதைக்கும் கருவியைக் கொண்டோ வரிசையாக விதைக்க வேண்டும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 7 போன்ற கொத்து ரகங்கள் படராமல் நிமிர்ந்து வளர்வதால் இதற்கு ஏற்றவை.

மணிலாவுக்கு முதற் களை விதைத்த 20 முதல் 25 நாளிலும், இரண்டாம் களை 40 முதல் 45 நாளிலும் எடுக்கப்படுகின்றன. இரண்டாம் களையின்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது வழக்கம். அதன் பின் விழுது மண்ணில் இறங்கிவிடுமாதலால் நிலத்தைக் கிளறலாகாது. இவ்விரு களைகளுக்கும், முன்னே பல்லுருளையும் பின்னே அலகும் அமைந்து, நின்றபடி தள்ளியிழுக்கும் கைக் களைக்கருவியை உபயோகிக்கலாம். மண் சேறாகவும் கட்டியாகவும் இல்லாமல், மழைக்குப்பின் சற்றே உலர்ந்த பதத்தில் அது நன்றாய் ஓடும். செடிக்குச் செடி நடுவிலுள்ள களையை மட்டும் கையால் எடுக்க நேரும். களைக்கொல்லி தெளிப்போரும் ஒரு முறையேனும் கைக்களை எடுப்பது வழக்கமாதலால், இக்கருவி அவர்களுக்கும் வேண்டுவதே.

விலை கொடுத்து வாங்க இயலாதவர் உள்ளூர்க் கொல்லரைக் கொண்டு களைக்கொத்துக்கு நீண்ட பிடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் பிடியை மட்டும் நீட்டினால் அலகு மண்ணில் படும் சாய்வு மாறிப்போகும். அலகு மேலோடும், அல்லது ஆழக் குத்தும். பயிர் வெட்டுப்படுவதற்கு இதுவே பெருங்காரணம். ஆகையால் கருவியை உபயோகிப்பவரையே கொல்லரிடம் அழைத்துச் சென்று, அவர் நிமிர்ந்து நிற்கும்போது அலகு நிலத்தோடு படிந்து செல்லும்படி காம்புத் துளையைத் திருத்தியமைக்க வேண்டும். பிடியின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடும். நிறுத்தி வைத்தால் தோளுக்குக் குறையாமல் இருப்பது நலம். தள்ளியிழுக்கும் கருவிக்குக் கைப்பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் இடையில் அமைய வேண்டும். ஆணின் உயரத்துக்குச் செய்த கருவியைப் பெண்ணின் கையில் கொடுத்தால் இடுப்பின் வலி தோளுக்கு மாறுமேயன்றி நீங்காது.

நெற்கழனியில் சதுர நடவு நட்டால், கோனோவீடர் எனப்படும் உருளைக் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டலாம். நட்ட பத்தாம் நாள் தொடங்கிப் பத்து நாளுக்கொரு முறை, கழனியில் சிறிதளவே நீர் நிறுத்தி ஓட்டினால், களை சேற்றில் அமிழ்ந்து எருவாகிறது. இக்கருவி சில மண்களில் பாரமாய் இருப்பதாகப் பெண்கள் குறை கூறுவதுண்டு. அக்குறை நியாயமானதே. களிமண் கழனியில் இலேசான கருவியைத் தெரிந்தெடுப்பதும், இருவர் மாறி மாறி ஓட்டுவதும் நலம்.

மணிலாக் காய் ஆயும் காலத்தில் தரையில் குந்துவதற்குப் பதிலாக ஒரு முழ உயரமுள்ள பலகையோ முக்காலியோ கொடுத்தால் முழங்காலின் பாரம் பெரிதும் குறையும். இதற்குச் செலவு அற்பம்.

மூட்டையின் எடை

களையெடுக்கும் பெண்களின் வலிக்குக் காரணம் குட்டைப் பிடி என்றால், களத்திலும் மண்டியிலும் ஆண்களின் வலிக்குக் காரணம் மூட்டையின் எடை. இப்பகுதியில் நெல்லை 75 கிலோ மூட்டையாகவும் மணிலாவை 80 கிலோ மூட்டையாகவும் கட்டுவது வழக்கம். சர்வதேசத் தொழில் ஸ்தாபனமோ, வளர்ந்த ஆண் ஒருவன் கையால் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படாதிருக்கச் செய்ய வேண்டும் என்று 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. மூட்டையைச் சிறிதாக்குவது இயலாத காரியமன்று. நம் நாட்டில் 50 கிலோவாயிருந்த யூரியா மூட்டை 2018ஆம் ஆண்டில் 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது, வியாபாரம் தடைப்படவில்லை. களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் தானியத்தையாவது 40 கிலோ மூட்டையாகக் கட்டலாம். இருவர் சேர்ந்து தூக்குவதும், முழங்காலை மடித்து மூட்டையை உடம்போடு ஒட்டி எடுப்பதும், தூக்கியபின் இடுப்பை முறுக்காமல் பாதத்தைத் திருப்பி நடப்பதும் பழக வேண்டியவை.

வேலையால் வராத வலிகள்

எல்லா வலிக்கும் வேலையே காரணம் என்று கொள்ளுவதும் தவறு. சில வலிகள் குடிநீரிலிருந்து வருகின்றன. 1930களில் அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், உழவு மாடுகள் மூட்டு விறைத்து நடக்கமாட்டாமல் போனதைக் குடியானவர்கள் கண்டனர். அந்த ஜில்லாவில் மனிதருக்கும் முதுகும் மூட்டும் விறைத்துப்போகும் வியாதி இருப்பதையும், அதற்குக் காரணம் கிணற்று நீரிலுள்ள புளூரைடு என்பதையும் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் ஷார்ட் முதலியோர் 1937ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்கள் இக்கேட்டுக்குப் பெயர்போனவை. அவற்றுக்காகவே ஒகேனக்கல் காவிரி நீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையும், பெரியவர்களுக்கு முதுகு விறைப்பும் ஓர் ஊரில் பலருக்கு ஒருங்கே காணப்படுமாயின், கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது நலம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் ஒன்றரை மில்லிகிராம் வரையே அனுமதி உண்டு. காய்ச்சுவதால் புளூரைடு நீங்காது.

கொசுவால் பரவும் சிக்குன்குனியா மற்றொரு காரணம். 1964ஆம் ஆண்டில் சென்னை, வேலூர், பாண்டிச்சேரி முதலிய இடங்களில் தோன்றிய இச்சுரம், 2006ஆம் ஆண்டில் மீண்டும் தமிழ்நாட்டில் பெரிதாய்ப் பரவிற்று. சுரம் சில நாளில் நீங்கினாலும் மூட்டு வலி மாதக் கணக்கில் நீடிப்பதுண்டு. காலையில் எழுந்தவுடன் கைவிரல் மூட்டுகள் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வேறு வகை வாதம். காலந்தாழ்த்தாமல் சிகிச்சை பெற்றால் மூட்டு கோணாமல் காக்கலாம்.

பின்வரும் குறிகளில் ஒன்று காணப்பட்டாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்தி, உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்: காலில் உணர்ச்சி குன்றுதல் அல்லது பலமிழத்தல்; சிறுநீர், மலம் கட்டுப்படாமை அல்லது அடைபடுதல்; முதுகுவலியோடு சுரமும் உடல் மெலிவும்; இரவில் படுத்தாலும் தணியாத வலி; மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பின் வந்த வலி. முதுகெலும்பைப் பற்றும் க்ஷயரோகமும் இவ்விதமாய்த் தொடங்குவதுண்டு. அது மருந்தால் குணமாகக்கூடியது.

வலி கண்டபின் செய்ய வேண்டியவை

1. படுக்கையில் கிடத்தல் மருந்தன்று. கடுமையான வலியில் ஓரிரு நாள் இளைப்பாறி, பின் மெல்ல நடக்கத் தொடங்க வேண்டும். அசைவே வட்டுக்கும் தசைக்கும் நன்மை.

2. வெந்நீர் ஒற்றடமும், எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தலும் தசைப் பிடிப்பைத் தணிக்கும். ஆயின் இவை காரணத்தை நீக்குவன அல்ல.

3. வேலையில் அரை மணிக்கொரு முறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பில் வைத்துச் சற்றே பின்னுக்கு வளைந்து, பத்தடி நடக்க வேண்டும். களையெடுப்பதையும் சுமப்பதையும் வேறு வேலையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒரே தசை வருந்தாது.

4. வலி நீடிப்போருக்கு முதுகையும் தொடையையும் பலப்படுத்தும் தேகப்பயிற்சி அவசியம். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளும் தேகப்பயிற்சியையும், நோயாளிக்கு விஷயத்தை விளக்கிச் சொல்வதையுமே வற்புறுத்தின. இடுப்புப் பட்டையை வழக்கமாய்க் கட்டிவிடுவதை அவை ஆதரிக்கவில்லை.

5. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குதல் ஆபத்து. அவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். வெயிலில் வியர்த்து நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெயரறியாத பொட்டலத் தூள்களில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருத்தலும் உண்டு. அது எலும்பையே மெலியச் செய்யும்.

2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், நடமாட இயலாதவருக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. இவ்வகைச் சிகிச்சையைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும்

களைக்கொத்து பெரும்பாலும் கூலியாளின் சொந்தப் பொருள். அதை அவர்களே வாங்கி, அவர்களே கொண்டுவருகிறார்கள். குறைந்த விலையில் கிடைப்பதும், கூடையில் அடங்குவதும் குட்டைப் பிடிதான். ஆகையால் மாற்றத்தை அவர்கள் தொடங்குவார்கள் என்று காத்திருப்பது வீண். ஏருக்கும் டிராக்டருக்கும் செலவழிக்கும் நிலமுடையோர், களைக்கருவிகளையும் பண்ணைச் சாமான்களோடு சேர்த்து வாங்கி வைத்தல் வேண்டும். புதுக் கருவியில் முதல் சில நாள் வேலை மெதுவாகவே நடக்கும். அந்நாட்களில் கூலியைக் குறைத்தாலோ அவசரப்படுத்தினாலோ, ஆட்கள் கருவியை வரப்பில் சாய்த்துவிட்டு மீண்டும் குனிவார்கள்.

சிறு குடியானவர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கமோ உழவர் குழுவோ சில கருவிகளை வாங்கிக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். வரிசை விதைப்புச் செய்த கால் ஏக்கர் கொல்லையில் பழைய முறையையும் புதிய முறையையும் அடுத்தடுத்து நடத்திக்காட்ட உதவி வேளாண்மை அலுவலரைக் கேட்டுக்கொள்ளலாம். ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஊரின் கிணற்று நீரைச் சோதிக்க ஏற்பாடு செய்வதும் இதனோடு சேர்ந்த கடமையே.

2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் வருந்தியதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் தெரிவித்திருக்கிறது. அத்தனை பேரின் துன்பத்தையும் ஓர் ஊரார் தீர்க்க முடியாது. தம் கொல்லையில் களையெடுக்க வரும் பத்துப் பேரின் துன்பத்தைக் குறைப்பது இயலும். அமாவாசையன்று ஏர் பூட்டாமல் மாட்டுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் குடியானவரிடையே தொன்றுதொட்டு உள்ளது. வாய் பேசாத ஜீவனிடத்தில் காட்டும் அக்கவனத்தைக் களையெடுப்போரிடத்திலும் காட்டி, வரும் ஆடிப் பட்டத்தில் மணிலா விதைப்பதற்கு முன்பே கொல்லரிடம் சென்று பிடியை அளந்து போட்டுவைப்பார்களாக.